நீச்சல் குளத்து விளக்கை மாற்றிய கதை, இதுவரை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஒரு பழைய விளக்கு எரியாமல் போயிற்று. அதைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனின் பின்னாலேயே இரண்டு நாள் அலைந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீருக்குள் விளக்கு எப்படி எரிகிறது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தீராத சந்தேகம். ஐம்பத்திரண்டு வயதில் அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தால் விடுவேனா?

சந்தேகம் தீர்ந்தது. கூடவே வேறொன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்வதற்குத்தான் மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "அந்தி சாயும் வேளையில் நீலக் குளம் தன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டது." (வேண்டாம். குளத்துக்குக் கண் கிடையாது. இப்படி எழுதித்தான் என் முந்தைய தொகுப்பு கிடங்கில் தூங்குகிறது.)

இரண்டாவது: "விளக்கு அணைந்த நாளிலிருந்து அவளுடைய" (இதைப் பாதியில் விட்டுவிட்டேன். 'அவள்' யாரென்று சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.)

மூன்றாவது: "பத்து நாளாகக் குளத்து விளக்கு எரியவில்லை." (அலங்காரம் இல்லை, ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.)

2

பத்து நாளாகக் குளத்து விளக்கு எரியவில்லை.

பழுது பார்க்க வந்தவர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேனா செருகுவதுபோல் காதோரம் டெஸ்டரைச் செருகியிருப்பார், அதனால் இங்கே எல்லோருக்கும் அவர் டெஸ்டரம்மா. (இரண்டாம் வரைவில் இவரை ஆணாக மாற்றினேன். நண்பர் ஒருவர், "நம்புற மாதிரி இல்லையே" என்றார். மாற்றியதும் அந்தப் பாத்திரம் வாயே திறக்கவில்லை. திரும்பவும் பெண்ணாக்கினேன், அடுத்த வரியிலேயே என்னை அதட்டினார்.)

"சார், வழிய விட்டு நில்லுங்க. என் வெளிச்சத்த மறைக்கிறீங்க."

நான் விலகினேன். அவர் குளத்தின் பக்கமே போகவில்லை. நேராகப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த மின் அறைக்குப் போனார். துடைப்பமும் வாளியும் குவிந்து கிடக்கும் அந்த அறையில் ஒரு ஆள் நிற்பதே கஷ்டம்.

"விளக்கு அங்கதானே இருக்கு?" என்றேன்.

"தலைவலிக்கு டாக்டர் தலையிலயா சார் ஊசி போடுறாரு? கரண்ட் எங்கேர்ந்து கெளம்புதோ அங்கேர்ந்து வரணும்."

"குளத்தை வத்த வைக்க வேண்டியிருக்குமா?"

"எதுக்கு?"

"விளக்கு தண்ணிக்குள்ள இருக்கே."

டெஸ்டரம்மா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத மாட்டினவங்களுக்கு அந்த அளவுக்காவது மூளை இருந்திருக்கும் சார்."

பெட்டியைத் திறந்தார். கீழ் வரிசையில் ஒரு பிரேக்கருக்கு மேலே 'குளம்' என்று மஞ்சளடித்த தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒயரே இல்லை. குளத்துக்குப் போகும் ஒயர், மேல் வரிசையில் நடைபாதை விளக்குகளோடு சேர்ந்து கிடந்தது. அங்கேயும் ஒரு தாள். அழகான குண்டு குண்டு எழுத்தில், 'குளத்து விளக்கு, இனி இங்கே.'

அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கீழ இருக்கிறது சாதாரண பிரேக்கர் இல்ல சார். போன கரண்ட் போன வழியே திரும்பி வரணும். வரலைன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். உடனே விழுந்து கரண்ட நிறுத்திரும். விழறதுதான் அதோட வேலையே. மேல இருக்கிறதுக்கு அந்தப் புத்தி கெடையாது. யாரு இப்படி மாத்தினது?"

"முன்னாடி இருந்த செயலாளர்" என்றேன்.

3

இந்த இடத்தில் முன்னாள் செயலாளர் என்ற பாத்திரத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். முதல் வரைவில் அவருக்குத் தடித்த மீசை கொடுத்திருந்தேன். யாரையும் பேச விடாதவர். குடியிருப்போர் சங்கத்தை இரண்டு வருடம் ஆட்டிப் படைத்தவர்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், மாலை ஆறரைக்கு விளக்கைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பிரேக்கர் விழுந்துவிடும். உடனே ஆறு வீட்டிலிருந்து போன் வரும்.* பராமரிப்புக்கு இருந்த ஆளைக் கூப்பிட்டு, "அந்த லைனைத் தூக்கி வேற பிரேக்கர்ல போடு" என்றார் செயலாளர். அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டே, "எதுக்கோ விழுதுங்க சார்" என்றான். "விழாத இடமாப் பாத்துப் போடு" என்றார் செயலாளர். போட்டான். அதன் பிறகு விளக்கு ஒரு நாளும் அணையவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

* எங்கள் குளத்தை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். விளக்கு ஆறரைக்கு எரியும். யாரும் குளிப்பதற்கல்ல, மாடியிலிருந்து பார்ப்பதற்கு. இதில் என்ன நியாயம் என்று நானும் கேட்டிருக்கிறேன். 'அழகா இருக்கே' என்பதுதான் பதில்.

இந்தச் செயலாளர் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாப் பழியையும் தூக்கிப் போட வசதியாக மீசையோடு ஒருவர் கதையில் உட்கார்ந்திருந்தால், எழுதுகிறவன் எதையோ பூசி மெழுகுகிறான் என்று அர்த்தம். இவரை என்ன செய்வதென்று பிறகு பார்ப்போம். டெஸ்டரம்மா காத்திருக்கிறார்.

4

மெயினை அணைத்து, அணைந்ததை இரண்டு முறை சோதித்து, பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் குளத்துக்கு வந்தார்.

குளத்தைப் பார்த்துக்கொள்பவருக்குக் குளோரின் அண்ணன் என்று பெயர். பக்கத்தில் வந்தாலே தெரியும். அவர் தண்ணீரில் இறங்கி, சுவரில் பதிந்திருந்த விளக்கின் வளையத்தின் உச்சியில் இருந்த ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினார். நானும் மண்டி போட்டு எட்டிப் பார்த்தேன். விளக்கு அப்படியே முன்னால் சாய்ந்து வந்தது. அதன் பின்னால் குழியில் ஒயர் நாலைந்து சுற்றுச் சுற்றி வைத்திருந்தது. அந்தச் சுற்றைப் பிரித்தால் விளக்கைக் கரை வரைக்கும் தூக்கி வந்துவிடலாம். குளத்தை வற்ற வைக்க வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியேற்ற வேண்டாம். என்றோ ஒருநாள் இது கெட்டுப்போகும், யாரோ ஒருவர் வந்து கழற்றுவார் என்று, முகம் தெரியாத ஒருவர் அந்த நாலு சுற்று ஒயரை விட்டு வைத்திருக்கிறார். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது.

"காய வெச்சு, பல்ப மாத்தி, இங்கயே எரியுதான்னு பாத்துட்டுத் திருப்பி மாட்டிடலாமே" என்றேன்.

"வெளிய எரிய விடக்கூடாது சார். இந்தப் பழைய லைட்டு சூட்டத் தண்ணிதான் வாங்கிக்கும். வெளிய எரிஞ்சா கண்ணாடி வெடிச்சிரும்."

நான் குறிப்பேட்டை எடுத்தேன். "அதாவது, மூழ்கியிருந்தால்தான் உயிர் வாழும்..."

"எழுதாதீங்க. சூடு சார், வெறும் சூடு."

எழுதவில்லை. (இப்போது எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.)

விளக்குக்குள் பாதி வரை பழுப்புத் தண்ணீர் நின்றது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. டெஸ்டரம்மா ஒரு மீட்டரை எடுத்து ஒரு முனையை ஒயரிலும் மறு முனையை விளக்கின் உலோக உடம்பிலும் வைத்தார். முள் போய் ஒரு ஓரத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டது. ஒயரும் உடம்பும் ஒன்றாகிவிட்டன, இடையில் எந்தத் தடுப்பும் இல்லை என்றார். அடுத்து எர்த் ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தார். பச்சை பூத்திருந்த அந்த ஒயர் கையோடு வந்துவிட்டது.

"இது இருந்த வரைக்கும் ஒழுகினத மண்ணுக்குக் கொண்டுபோயிருக்கும். அறுந்து ஒரு அஞ்சாறு மாசம் இருக்கும்னு தோணுது. அப்புறம் எல்லாம் நேரா தண்ணிக்குள்ளதான். யாராவது ஷாக் அடிக்குதுன்னு சொன்னாங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் குளோரின் அண்ணன், தலையைத் துவட்டிக்கொண்டே. "பகல்ல லைட்டே போட மாட்டோம். காலைல இருட்டோட சாரோட தங்கச்சி வருவாங்க, அவங்களுக்கு மட்டும் போட்டு விடுவேன். அவங்க கால் துடிக்குது கால் துடிக்குதுன்னு சந்தோஷமால்ல சொல்லுவாங்க."

டெஸ்டரம்மாவின் கை நின்றது.

"எந்த இடத்துல நிக்கும்போது?"

"இதோ, இந்த லைட்டுப் பக்கம். விளிம்ப பிடிச்சுக்கிட்டு நடந்து பழகுவாங்க."

டெஸ்டரம்மா என்னைப் பார்த்தார். "ஒரு கால்லயா, ரெண்டு கால்லயுமா?"

எனக்குத் தெரியவில்லை.

5

இனி பொறுக்கச் சொல்ல முடியாது. பாதியில் விட்ட அந்த 'அவள்' என் தங்கை.

மூன்று வருடத்துக்கு முன்னால் சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் இடித்தது. எலும்பெல்லாம் கூடிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே நரம்பு மட்டும் கூடவில்லை. குத்தினால் தெரியாது, செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. என்னோடுதான் இருக்கிறாள். பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறாள். தடியில்லாமல் அவள் நடக்கிற ஒரே இடம் அந்தக் குளம்தான், அங்கே தண்ணீர் அவளைத் தாங்கும். காலை ஐந்தரைக்கு அவளுக்கென்று தனியாகத் திறந்துவிட அனுமதி வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், தலையில் துண்டோடு சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"அண்ணா, கால் துடிச்சுது."

"எந்தக் கால்?"

"எந்தக் காலாம். இதுதான். சதை தானா துடிச்சுது, நான் ஒண்ணும் பண்ணல."

அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நாட்காட்டியில் அவள் அன்றைய தேதியில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தாள். அதன் பிறகு கிட்டத்தட்ட தினமும் ஒரு புள்ளி. பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், "நல்ல அறிகுறியா இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம்" என்றாள். 'இருக்கலாம்' என்பதை நாங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பத்து நாளாகப் புள்ளி இல்லை. "மறுபடி தூங்கிடுச்சு" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்கு எதிலாவது ஒரு நல்லது நடக்கட்டும், இருட்டில் தடுமாறாமலாவது இருக்கட்டும் என்றுதான் டெஸ்டரம்மாவுக்குப் போன் செய்தேன். விளக்கும் புள்ளியும் ஒரே நாளில் நின்றது என் மரமண்டைக்கு எட்டவேயில்லை.

(ஒரு கால்லயா, ரெண்டு கால்லயுமா? அந்தக் கேள்வி எவ்வளவு எளிமையானது பாருங்கள். இடது கால் மட்டும் துடித்திருந்தால் நரம்பு உயிர் பெறுவதாக இன்னமும் நம்பலாம். இரண்டும் துடித்திருந்தால் அது மின்சாரம். ஐந்து மாதத்தில் நான் ஒரு தடவைகூட வலது காலைப் பற்றிக் கேட்கவில்லை. நன்றாக இருக்கிற காலை யார் விசாரிக்கிறார்கள்?)

6

முன்னாள் செயலாளருக்கு மீசை கிடையாது. தினமும் மழித்துவிடுகிறேன்.

7

மேலே உள்ள பகுதியை நீட்டி எழுத நாலு தடவை முயன்றேன். "எனக்கு அப்போது மின்சாரத்தைப் பற்றி" என்று ஒன்று. "ஆறு வீட்டிலிருந்து போன் வந்தால் யாராக இருந்தாலும்" என்று இன்னொன்று. எல்லாம் சப்பைக்கட்டு. அந்தக் குண்டு எழுத்து என்னுடையது. விழாத இடமாகப் பார்த்துப் போடச் சொன்னதும் நான்தான். விழுந்து விழுந்து ஒரு பிரேக்கர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, அதன் வாயை அடைத்துவிட்டுக் கை தட்டலும் வாங்கிக்கொண்டேன். மயிரிழை தவறியிருந்தால் என் தங்கையைக் கொன்றிருப்பேன்.

மின் அறையில் அந்தத் தாளை டெஸ்டரம்மா ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்பது அவர் கிளம்பும்போதுதான் தெரிந்தது. கிளம்புமுன் என் குறிப்பேட்டை வாங்கி, நாளைக்கு வாங்க வேண்டிய சாமான்களை எழுதினார். பக்கத்துப் பக்கத்தில் இருந்த என் கையெழுத்தையும், அதே குண்டு எழுத்தை, பார்த்தார்.

"தங்கச்சி உயிரோட இருக்காங்க. அத மொதல்ல நெனைங்க" என்று மட்டும் சொன்னார்.

8

இரண்டாம் நாள் நடந்ததை முழுதாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு தவறும் இல்லை.

புதிய விளக்கு உள்ளங்கை அகலம்தான். பன்னிரண்டு வோல்ட். வீட்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர், குளத்திலிருந்து தள்ளிச் சுவரில் ஏறியது. பழைய ஒயர் தரைக்கு அடியில் ஒரு குழாய் வழியாகக் கரையிலிருக்கும் பெட்டிக்குப் போகிறது. புதியதை எப்படி அதற்குள் நுழைப்பார்கள் என்று யோசித்து யோசித்து எனக்கு முதல் நாள் தூக்கமே வரவில்லை. விடை ரொம்பச் சாதாரணம். பழைய ஒயரின் நுனியில் புதிய ஒயரைக் கட்டிவிட்டுப் பழையதை இழுக்க வேண்டும். வெளியேறுகிறதே தனக்கு அடுத்ததைக் கூட்டி வருகிறது.

"முடிச்சுப் போடாதீங்க, வளைவுல சிக்கும்" என்றார் டெஸ்டரம்மா. இழைகளை ஏற்ற இறக்கமாக வெட்டி, பின்னி, மேலே நாடாவைப் பென்சில் சீவியதுபோல் சரிவாகச் சுற்றினார். சோப்பைக் குழைத்துத் தடவினார். குளோரின் அண்ணன் குளத்திலிருந்து ஒயரை ஊட்ட, பெட்டியின் பக்கம் நின்று இழுக்கும் வேலை எனக்கு வந்தது. பாதியில் ஒரு வளைவில் நின்றுவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

"சார், விடுங்க. நிக்குதுன்னா ஏதோ சொல்லுது. கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டு மறுபடி இழுங்க."

தள்ளினேன், இழுத்தேன். வந்துவிட்டது. புதிய ஒயரின் வெள்ளை நுனி சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தபோது எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

நாலு சுற்று ஒயரைக் குழிக்குள் சுற்றி வைத்து, விளக்கைப் பொருத்தி, எர்த்தைப் புதிதாக இழுத்து, லைனைக் கீழ் வரிசையின் சரியான பிரேக்கருக்குக் கொண்டுவந்தார்கள். சோதனைப் பொத்தானை அழுத்தினார் டெஸ்டரம்மா, பிரேக்கர் டப்பென்று விழுந்தது. மூன்று முறை விழ வைத்துப் பார்த்தார். 'இனி இங்கே' தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நாளைக்குக் காலைல தண்ணில எறங்குவாங்கல்ல. அதுக்குள்ள கேட்டுருங்க."

9

அது நேற்று. இன்று பகல் முழுக்க இதை எழுதிக்கொண்டிருந்தேன். அவளிடம் கேட்கவில்லை. 'நாளைக்கு' என்று டெஸ்டரம்மா சொன்ன காலையில் மழை பெய்ததால் அவள் இறங்கவில்லை, ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. வருகிற காலை மழை இருக்காது என்கிறார்கள். புது விளக்கைப் போட்டு வைக்கும்படி அவளே குளோரின் அண்ணனிடம் சொல்லியாயிற்று. பச்சைப் பேனாவையும் தேடி எடுத்து வைத்திருக்கிறாள்.

கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. நான் எதையும் சொல்லவில்லை. அவள் இறங்குகிறாள், புது விளக்கின் பக்கத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். மறுநாளும் காத்திருக்கிறாள். அதற்கடுத்த நாளும். (இதை எழுத மாட்டேன். ஒருதடவை வாயை அடைத்தது போதும்.)

இரண்டு. புது விளக்கிலும் கால் துடிக்கிறது. நரம்பு நிஜமாகவே உயிர் பெற்றுவருகிறது, மின்சாரம் தற்செயல். எனக்கு இந்த முடிவுதான் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், இதை மட்டும் ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். ஏழிலும் நான் தப்பித்துக்கொள்கிறேன். அதனாலேயே அடித்துவிட்டேன்.

மூன்று. நான் அவள் எதிரே உட்கார்ந்து சொல்கிறேன். "இத பாரு, அந்தத் துடிப்பு இருக்கே" என்று ஆரம்பித்து (இதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. ஐந்து மாதத்துப் பச்சைப் புள்ளிகளை எந்த வாக்கியத்தால் அழிப்பது?)

வாயால் சொல்ல முடியவில்லை என்பது தெரிந்ததும், எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். ஒற்றுப்பிழைக்குக்கூட மன்னிப்பு கிடையாது. ஒன்றிலிருந்து எட்டு வரையுள்ள பகுதிகளை அடுக்கி, அரைமணி நேரத்துக்கு முன்னால் அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

"புதுக் கதையா? எதப் பத்தி?"

"குளத்து விளக்கு."

"அதுல என்ன கதை இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

10

இந்த ஒன்பதாம் பகுதியையும் பத்தாம் பகுதியையும் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு திறந்திருக்கிறது. முதலில் அவள் இரண்டு இடத்தில் சிரித்தது கேட்டது, மீசை வருகிற இடமாக இருக்க வேண்டும். அப்புறம் தாள் புரளும் சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. பேனா மேசை மேல் வைக்கப்பட்டது. இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

போய்ப் பார்க்கலாமா என்று

(கூப்பிட்டாள். இருந்த இடத்திலிருந்தே, சத்தம் போடாமல்.)

"அண்ணா. ரெண்டு காலும்தான் துடிச்சுது."

இப்போதுதான் யோசித்துப் பார்த்துச் சொல்கிறாளா, முதல் நாளே தெரிந்திருந்தும் யாரிடமும் சொல்லாமல் அந்த வலது காலை ஐந்து மாதம் மறைத்து வைத்திருந்தாளா, அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அழுகை இல்லை. கோபம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

"இங்க வா" என்கிறாள்.

இதற்குப் பிறகு நடப்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவோடு அந்த அறைக்குள் போகக் கூடாது.